லினக்ஸில் வீடியோ, ஆடியோ கோடெக்குகள்: வெளிக் களஞ்சியங்களைக் குழப்பமில்லாமல் சேர்க்க முழுமையான வழிகாட்டி

புதிதாக லினக்ஸ் நிறுவிய கணினியில் ஒரு வீடியோ ஓடவில்லை என்றால், பெரும்பாலானோர் இணையத்தில் தேடி முதலில் கிடைக்கும் கட்டளையை டெர்மினலில் ஒட்டிவிடுகிறார்கள். அது கைகொடுக்காவிட்டால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒருவழியாக வீடியோ ஓடிவிடும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும்போது, எந்தப் பேக்கேஜ் (நிறுவத் தயாராகத் தொகுத்த மென்பொருள்) எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சிஸ்டமே முரண்டு பிடிக்கும்.

கோடெக் (வீடியோ, ஆடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரல்) தொல்லைகளில் பெரும்பகுதி இப்படிக் கலந்து போடுவதால் வருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் டிஸ்ட்ரோவுக்கென்றே (ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) பிறர் நடத்தும் ஒரே ஒரு வெளிக் களஞ்சியத்தை, அதாவது பேக்கேஜ் கிடங்கைத் தேர்ந்தெடுங்கள். மீடியா பேக்கேஜ்கள் முழுவதையும் அதற்கு மாற்றுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சரியாகச் செய்வதற்காகத்தான்.

கட்டளைகளையும் பேக்கேஜ் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது சிறிய ஆங்கில எழுத்துகளாகக் கொடுங்கள். இடையில் வரும் சிறுகோடுகளையும் அப்படியே சேர்க்க வேண்டும்.

கோடெக்குகள் ஏன் முதலிலேயே உள்ளே இருப்பதில்லை

எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264 போன்ற கோடெக் மென்பொருட்களின் மூலநிரல் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் வீடியோவைச் சுருக்கும் முறைகள் மீது நிறுவனங்கள் வாங்கிவைத்திருக்கும் காப்புரிமைகள் வேறு கணக்கு. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 (எச்ஈவிசி என்றும் சொல்வார்கள்) இரண்டுக்கும் அப்படிப்பட்ட காப்புரிமைகள் நிறைய உண்டு. எச்.265க்கு உரிமக் கட்டணம் வசூலிக்கும் அமைப்புகளே ஒன்றுக்கு மேற்பட்டவை.

ஃபெடோராவின் பின்னால் ரெட் ஹேட் நிறுவனமும், ஓப்பன்சூசேயின் பின்னால் சூசே நிறுவனமும் இருக்கின்றன. ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் பேக்கேஜுக்கே உரிமக் கட்டணம் கேட்டு வழக்கு வரலாம் என்பதால் இந்த இரண்டும் மிக எச்சரிக்கையாக இருக்கின்றன. டெபியனும் ஆர்ச்சும் தன்னார்வலர்கள் நடத்துபவை. அவற்றின் அதிகாரபூர்வக் களஞ்சியங்களிலேயே எச்.264 டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் பகுதி) கிடைக்கிறது. ஆகவே, உங்கள் டிஸ்ட்ரோவைப் பொறுத்து வேலை நிறைய இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இது தெரியாமல் டெபியன்காரர் ஃபெடோராவுக்கு எழுதிய குறிப்பைப் பின்பற்றினால் தேவையில்லாத சிக்கல்தான் மிஞ்சும்.

காப்புரிமைகள் காலாவதியாகும் என்பது நல்ல செய்தி. எம்பி3க்கான உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது. எம்பெக்-2க்கான கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் காலாவதியானது. விபி9, ஓபஸ், 2018இல் வெளியான ஏவி1 ஆகியவை கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்ற நோக்கத்தோடு உருவாக்கப்பட்டவை. எந்த டிஸ்ட்ரோவிலும் அவை சிக்கலில்லாமல் கிடைக்கும். எனவே பிரச்சினை வருகிறது என்றால் முதலில் எச்.264, எச்.265, சில வகை ஏஏசி ஆடியோ ஆகியவற்றைச் சந்தேகப்படலாம்.

நடுவே ஒரு விநோதமான ஏற்பாடும் உண்டு. சிஸ்கோ நிறுவனம் 2013இல் ஓப்பன்எச்264 என்ற நிரலை அறிவித்தது. அதன் மூலநிரல் திறந்தது. சிஸ்கோ தானே தொகுத்துத் தரும் பைனரிக்கான (நேரடியாக ஓடும் வடிவம்) உரிமக் கட்டணத்தையும் அந்த நிறுவனமே கட்டிவிடுகிறது. அதனால்தான் ஃபெடோராவில் அந்தப் பேக்கேஜ் மட்டும் சிஸ்கோவின் சர்வரிலிருந்து வருகிறது. உதவிதான், ஆனால் எச்.264இன் எல்லா வகைகளையும் அது சமாளிக்காது. "ஓப்பன்எச்264 போட்டேன், இந்த வீடியோ மட்டும் ஓடவில்லையே" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

படி 1: எது ஓடவில்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

எம்பி4, எம்கேவி, வெப்எம் எல்லாம் வெறும் டப்பாக்கள். டப்பாவின் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு எம்பி4 கோப்பில் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏவி1கூட இருக்கலாம். "எம்பி4 ஓடவில்லை" என்று தேடினால் சரியான விடை கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

மீடியாஇன்ஃபோ என்ற சிறு கருவியை நிறுவி அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். டெர்மினல் பழக்கமானால் எஃப்எஃப்ப்ரோப் என்ற கட்டளைக்குப் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீடியோ கோடெக், அதன் ப்ரொஃபைல், ஆடியோ கோடெக். ப்ரொஃபைல் முக்கியம். எட்டு பிட் எச்.264ஐ எளிதாக ஓட்டும் கணினி பத்து பிட் எச்.264இல் திணறலாம், பல கிராஃபிக்ஸ் சிப்புகளில் அதற்கான ஹார்ட்வேர் டிகோடரே கிடையாது.

படம் தெரிகிறது, சத்தம் இல்லை என்றால் ஆடியோ கோடெக். சத்தம் வருகிறது, படம் கறுப்பு என்றால் வீடியோ கோடெக் அல்லது ஹார்ட்வேர் டிகோடிங். இரண்டும் வருகிறது, ஆனால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது, ஃபேன் இரைகிறது என்றால் கோடெக் ஏற்கெனவே இருக்கிறது. ஹார்ட்வேர் முடுக்கம்தான் (டிகோடிங் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுவது) இல்லை. அப்போது நேரே படி 4க்குப் போகலாம். ஐபோனில் எடுத்த வீடியோக்கள் மட்டும் ஓடவில்லை என்றால் அநேகமாக எச்.265. 2017 முதல் ஐபோன்களில் அந்த வடிவம் வந்துவிட்டது. ஹெச்ஈஐசி புகைப்படங்கள் திறக்காததற்கும் அதே எச்.265தான் பின்னணி.

இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். பிளாட்பேக் (எந்த டிஸ்ட்ரோவிலும் தனித்து இயங்கும் பேக்கேஜ் முறை) வழியாக விஎல்சி பிளேயரை நிறுவி, அதில் அந்தக் கோப்பை ஓட்டிப் பாருங்கள். பிளாட்பேக் விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே கொண்டுவருகிறது. உங்கள் சிஸ்டத்தை நம்பி இருப்பதில்லை. அதில் ஓடினால் கோப்பு நன்றாக இருக்கிறது, சிஸ்டத்தில்தான் குறை. அதிலும் ஓடாவிட்டால் கோப்பே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் களஞ்சியத்தையும் சேர்ப்பதற்கு முன் இந்த ஒரு சோதனை எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும்.

கட்டண ஸ்ட்ரீமிங் தளம் மட்டும் ஓடவில்லை என்றால் கோடெக்கைத் தொடவே தொடாதீர்கள். அங்கே வேண்டியது வைட்வைன் என்ற டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) பகுதி. பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் டிஆர்எம் உள்ளடக்கத்தை அனுமதிக்கும் பெட்டியைத் தேர்வுசெய்தாலே அது இறங்கிவிடும்.

படி 2: களஞ்சியமே தேவையா என்று முடிவுசெய்யுங்கள்

வீடியோ பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் பிளாட்பேக் போதும் என்பேன். பிளாட்பேக் மென்பொருட்கள் கிடைக்கும் பிளாட்ஹப் தளத்தில் உள்ள விஎல்சி, எம்பிவி சார்ந்த பிளேயர்கள், பயர்பாக்ஸ் ஆகியவை கோடெக்குகளோடு வருகின்றன. அடிப்படை சிஸ்டம் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் ஒரு கட்டளையில் தடயமில்லாமல் நீக்கிவிடலாம். ஃபெடோரா சில்வர்ப்ளூ போன்ற, அடிப்படை சிஸ்டத்தை மாற்ற முடியாத வகைகளில் இதுதான் முதல் வழி.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஃபைல் மேனேஜரில் வீடியோவின் சிறுபடம் தெரிய வேண்டும், டிஸ்ட்ரோ தந்த எடிட்டிங் மென்பொருள் எச்.264 கோப்பைத் திறக்க வேண்டும், டெர்மினலில் எஃப்எஃப்எம்பெக் கொண்டு கோப்புகளை மாற்ற வேண்டும் என்றால் பிளாட்பேக்குக்குள் இருக்கும் கோடெக் உதவாது. சிஸ்டத்திலேயே கோடெக் வேண்டும்.

சேர்ப்பது என்று முடிவுசெய்தால், ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது என்பது, அதை நடத்துபவருக்கு உங்கள் கணினியில் ரூட் அதிகாரம், அதாவது முழுக் கட்டுப்பாடு கொடுப்பது. பேக்கேஜ் நிறுவும்போது அதனுள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட்டாகவே ஓடுகின்றன. இன்றைக்கு மட்டுமல்ல, அந்தக் களஞ்சியம் பட்டியலில் இருக்கும்வரை ஒவ்வொரு அப்டேட்டிலும் அந்த அதிகாரம் தொடரும்.

டெபியன் வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டெபியன்-மல்டிமீடியா என்ற பெயரில் பிரபலமான ஒரு வெளிக் களஞ்சியம் இருந்தது. பெயர் குழப்புகிறது என்று டெபியன் தரப்பு கேட்டுக்கொண்டதால், அது டெப்-மல்டிமீடியா என்ற பெயருக்கு மாறியது. பழைய டொமைன் காலாவதியாகி, முன்பின் தெரியாத வேறொருவர் அதைப் பதிவுசெய்துகொண்டார். 2013 ஜூனில் டெபியன் திட்டமே பொதுவெளியில் எச்சரிக்க வேண்டியதாயிற்று: அந்தப் பழைய முகவரியை உங்கள் பட்டியலிலிருந்து உடனே நீக்குங்கள் என்று. களஞ்சியத்தை நடத்தியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆயினும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி எத்தனையோ கணினிகளில் திறந்த கதவாகிவிட்டது.

ஆகவே சேர்ப்பதற்கு முன் பாருங்கள்: டிஸ்ட்ரோவின் சொந்த ஆவணங்கள் அந்தக் களஞ்சியத்தைக் குறிப்பிடுகின்றனவா, பேக்கேஜ்கள் ஜிபிஜி கையொப்பத்தோடு (யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்க்கும் டிஜிட்டல் முத்திரை) வருகின்றனவா, நீங்கள் வைத்திருக்கும் அதே பதிப்புக்கு அது தொகுக்கப்படுகிறதா. கையொப்பச் சோதனையை அணைத்துவிடு என்று ஒரு குறிப்பு சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

படி 3: உங்கள் டிஸ்ட்ரோவுக்கான வழி

*ஃபெடோரா.* இங்கேதான் வேலை அதிகம். ஃபெடோராவின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ, அதாவது காப்புரிமைச் சிக்கல் உள்ள பகுதிகள் வெட்டப்பட்ட எஃப்எஃப்எம்பெக். முழு வடிவம் ஆர்பிஎம் ஃப்யூஷனில் இருக்கிறது. லிவ்னா, ஃப்ரெஷ்ஆர்பிஎம்ஸ், டிரிபிள் என்ற மூன்று பழைய களஞ்சியங்கள் ஒன்றுசேர்ந்து உருவானது இது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத களஞ்சியங்களால் பயனர்கள் பட்ட பாட்டுக்கு அந்தத் தன்னார்வலர்கள் கண்ட தீர்வு இது. அவர்களுக்கு ஃபெடோரா பயனர்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். ஃபெடோராவை முதன்முறை தொடங்கும்போது "வெளிக் களஞ்சியங்களை இயக்கு" என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் ஆர்பிஎம் ஃப்யூஷன் முழுதாகச் சேர்ந்துவிடாது. அதிலிருந்து என்விடியா டிரைவர், ஸ்டீம் ஆகியவற்றுக்கான சிறு பகுதிகள் மட்டுமே வரும். கோடெக்குகளுக்கு முழுக் களஞ்சியத்தையும் நீங்களே சேர்க்க வேண்டும்.

ஆர்பிஎம் ஃப்யூஷன் தளத்தின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஃப்ரீ, நான்ஃப்ரீ என்று இரண்டு ரிலீஸ் பேக்கேஜ்கள் இருக்கும். உங்கள் ஃபெடோரா எண்ணுக்கு உரியவற்றை நிறுவுங்கள். அதற்கு முன் சிஸ்டத்தை முழுமையாக அப்டேட் செய்து ரீபூட் செய்துவிடுவது நல்லது. பிறகு ஃபெடோராவின் பேக்கேஜ் நிறுவியான டிஎன்எஃப்பின் டிஎன்எஃப் ஸ்வாப் என்ற கட்டளையில் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற பெயரையும், அடுத்து எஃப்எஃப்எம்பெக் என்ற பெயரையும் கொடுத்து, கடைசியில் இரட்டைச் சிறுகோடோடு அலவ்எரேசிங் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க இந்த ஓரிடத்தில் அந்த ஆப்ஷன் வேண்டும். அடுத்து டிஎன்எஃப் அப்டேட் கட்டளையில் அட் குறியோடு மல்டிமீடியா என்ற குழுவைக் கொடுத்தால், ஜிஸ்ட்ரீமர் (பல பிளேயர்கள் பயன்படுத்தும் மீடியா கட்டமைப்பு) வழி இயங்கும் மென்பொருட்களுக்கும் கோடெக்குகள் வந்துவிடும்.

எப்போதாவது ஃபெடோராவில் மெசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவரின் புதிய பதிப்பு வந்து, ஆர்பிஎம் ஃப்யூஷனில் அதற்கு இணையானது இன்னும் வராமல் இருக்கும். அப்போது டிஎன்எஃப் முரண்பாடு என்று சொல்லி நிற்கும். சரி, ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்திருங்கள், தானாகச் சரியாகும். அந்த நேரத்தில் அலவ்எரேசிங் போட்டு முட்டிமோதினால்தான் கோடெக்குகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

*ஓப்பன்சூசே.* இங்கே களஞ்சியத்தின் பெயர் பேக்மேன். எளிய வழி: ஸிப்பர் (ஓப்பன்சூசேயின் பேக்கேஜ் நிறுவி) மூலம் ஓபிஐ என்ற கருவியை நிறுவி, டெர்மினலில் ஓபிஐ கோடெக்ஸ் என்று கொடுப்பது. அது பேக்மேனைச் சேர்த்து, வேண்டிய பேக்கேஜ்களை மாற்றித் தரும்.

கையால் செய்பவர்கள் வெண்டர் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸிப்பர் ஒவ்வொரு பேக்கேஜும் யாரிடமிருந்து வந்தது என்று நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சொல்லாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றாது. ஆகவே பேக்மேனைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஸிப்பர் டப் கட்டளையில் இரட்டைச் சிறுகோடோடு ஃப்ரம் பேக்மேன் என்றும், அதேபோல் அலவ்-வெண்டர்-சேஞ்ச் என்றும் கொடுத்து ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். ப்ரையாரிட்டி எண்ணை 90 என்று வையுங்கள். இயல்பான எண் 99, எண் குறைந்தால் முன்னுரிமை கூடும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டவர்களின் கணினியில் பாதி லைப்ரரிகள் ஓப்பன்சூசேயிலிருந்தும் மீதி பேக்மேனிலிருந்தும் இருக்கும். விஎல்சி திறந்தவுடன் மூடிக்கொள்வது போன்ற பல கோளாறுகளின் வேர் அங்கே இருக்கிறது. வீடியோலேன் நடத்தும் விஎல்சி களஞ்சியமும் தனியாக உண்டு. அதையும் பேக்மேனையும் சேர்ந்தே வைத்துக்கொள்ளாதீர்கள்.

*டெபியன்.* எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264 இரண்டும் டெபியனின் மெயின் பகுதியிலேயே இருக்கின்றன. விஎல்சி அல்லது எம்பிவி நிறுவினால் எச்.264, எச்.265 ஓடும். ஜிஸ்ட்ரீமர் சார்ந்த பிளேயர்களுக்கு லிப்-ஏவி, அக்லி ஆகிய ஜிஸ்ட்ரீமர் ப்ளகின்களைச் சேர்த்தால் போதும். வெளிக் களஞ்சியம் எதுவும் அநேகமாக யாருக்கும் தேவையில்லை. டெப்-மல்டிமீடியா இன்றும் இயங்குகிறது. ஆனால் அதன் பேக்கேஜ்கள் டெபியனின் சொந்தப் பேக்கேஜ்களைவிட உயர்ந்த பதிப்பெண்ணோடு வருவதால், சேர்த்த உடனே மீடியா லைப்ரரிகள் எல்லாவற்றையும் தன் வசம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவது கடினம். தெளிவான தேவை இல்லாமல் சேர்க்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

*உபுண்டு, மின்ட்.* உபுண்டு நிறுவும்போதே கூடுதல் மீடியா வடிவங்களுக்கான பெட்டியைத் தேர்வுசெய்திருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மல்டிவெர்ஸ் பகுதியை இயக்கி, ஆப்ட் மூலம் உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். நடுவே மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். டாப் விசையை அழுத்தி ஓகேக்குப் போய் என்டர் தட்ட வேண்டும். மௌஸ் அங்கே வேலை செய்யாததால் பலர் கணினி உறைந்துவிட்டதாக நினைத்து டெர்மினலை மூடிவிடுகிறார்கள். மின்ட்டில் பேக்கேஜின் பெயர் மின்ட்-மெட்டா-கோடெக்ஸ். கோடெக்குக்காக முன்பின் தெரியாத பிபிஏ (தனிநபர்கள் நடத்தும் உபுண்டு களஞ்சியம்) எதையும் இவற்றில் சேர்க்கத் தேவையில்லை.

*ஆர்ச்.* முழு எஃப்எஃப்எம்பெக் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே உண்டு. விஎல்சியின் ப்ளகின்கள் 2025இல் தனித்தனிப் பேக்கேஜ்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. விஎல்சி திடீரென்று எதையும் ஓட்டவில்லை என்றால் விஎல்சி-ப்ளகின்ஸ்-ஆல் என்பதை நிறுவுங்கள். ஏயூஆர் என்பது ஆர்ச் பயனர்களுக்கான, யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் பதிவேற்றக்கூடிய இடம். 2025 ஜூலையில் பிரவுசர்களின் திருத்திய வடிவங்கள் போலப் பெயர்வைத்த சில பேக்கேஜ்களில் தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் தீநிரல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. பிகேஜிபில்ட் கோப்பை (பேக்கேஜைத் தொகுக்கும் ஸ்கிரிப்ட்) படிக்காமல் அங்கிருந்து எதையும் தொகுக்காதீர்கள்.

படி 4: ஹார்ட்வேர் முடுக்கம்

கோடெக் இருந்தும் ப்ராசசர் நூறு சதவீதத்தில் ஓடுகிறது என்றால், டிகோடிங் வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகவில்லை என்று பொருள். விஏஇன்ஃபோ என்ற கட்டளையை ஓட்டுங்கள். ப்ரொஃபைல் பெயர்களின் பட்டியல் வரும். எச்264, எச்ஈவிசி என்ற பெயர்களுக்கு எதிரே விஎல்டி என்று முடியும் வரி இருந்தால் அந்த டிகோடர் தயாராக இருக்கிறது.

ஏஎம்டி சிப் உள்ள ஃபெடோரா கணினியில் அந்த வரிகள் இல்லாமல் இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் ஃபெடோரா, மெசா டிரைவரில் எச்.264, எச்.265, விசி-1 ஆகியவற்றுக்கான முடுக்கத்தை அணைத்துவிட்டது. சிப்பில் வசதி இருக்கிறது, டிரைவர் மட்டும் கதவைத் திறப்பதில்லை. டிஎன்எஃப் ஸ்வாப் மூலம் மெசா-விஏ-டிரைவர்ஸ் என்பதை, ஆர்பிஎம் ஃப்யூஷனில் உள்ள மெசா-விஏ-டிரைவர்ஸ்-ஃப்ரீவேர்ல்ட் என்பதற்கு மாற்றுங்கள். இன்டெல் என்றால் நான்ஃப்ரீ பகுதியிலிருந்து இன்டெல்-மீடியா-டிரைவர். மிகப் பழைய இன்டெல் சிப்புகளுக்கு லிப்விஏ-இன்டெல்-டிரைவர். டெபியனில் இன்டெல்லுக்கான முழு வடிவம் நான்-ஃப்ரீ பகுதியில் இருக்கிறது.

எம்பிவி பிளேயரில் வீடியோ ஓடும்போது ஐ விசையை அழுத்தினால், ஹார்ட்வேர் டிகோடிங் நடக்கிறதா என்று திரையிலேயே காட்டும். முகவரிப் பட்டியில் அபவுட்:சப்போர்ட் என்று கொடுத்தால் பயர்பாக்ஸ் தன் கோடெக் பட்டியலைக் காட்டும். லினக்ஸில் பயர்பாக்ஸ் எச்.264 வீடியோவுக்கு சிஸ்டத்தின் எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. ஆகவே படி 3ஐ முடித்தபின் பிரவுசரை மூடித் திறக்க மறக்காதீர்கள். கூகுள் குரோம் தன் கோடெக்குகளைத் தானே வைத்திருப்பதால், குரோமில் ஓடுகிறது, பயர்பாக்ஸில் ஓடவில்லை என்ற நிலை வருகிறது. அப்படி வந்தால் குறை சிஸ்டத்தின் எஃப்எஃப்எம்பெக்கில்.

படி 5: டிவிடி

டிவிடிகளில் உள்ள சிஎஸ்எஸ் பூட்டைத் திறக்க லிப்டிவிடிசிஎஸ்எஸ் வேண்டும். இதன் சட்டநிலை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் இதைத் தனியாக ஒதுக்கிவைக்கின்றன. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷனின் டெய்ன்டட் பகுதி, டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்டிவிடி-பிகேஜி, ஓப்பன்சூசேயில் தனிக் களஞ்சியம், ஆர்ச்சில் நேரடியாக.

படி 6: அப்டேட்டும் பின்வாங்கலும்

புதிய ஃபெடோரா பதிப்புக்கு மாறும் முன், அந்த எண்ணுக்கு ஆர்பிஎம் ஃப்யூஷன் திறந்துவிட்டதா என்று பாருங்கள். உபுண்டு, பதிப்பு உயர்த்தும்போது பிபிஏக்களைத் தானே அணைத்துவிடும்; முடிந்தபின் தேவையானதை மட்டும் மீண்டும் இயக்குங்கள். ஓப்பன்சூசே டம்பிள்வீடில் (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வகை) பேக்மேன் பின்தங்கியிருக்கும் நாளில் ஸிப்பர் வெண்டரை மாற்றவா, பழைய பதிப்புக்குப் போகவா என்று கேட்கும். இரண்டும் வேண்டாம், கேன்சல் செய்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

களஞ்சியம் வேண்டாம் என்று தோன்றினால், பட்டியலிலிருந்து அதை நீக்குவதால் மட்டும் சிஸ்டம் பழைய நிலைக்கு வராது. அங்கிருந்து வந்த பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்கு இனி பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. ஃபெடோராவில் முதலில் ஸ்வாப் கட்டளைகளைத் தலைகீழாகக் கொடுத்து, களஞ்சியத்தின் ரிலீஸ் பேக்கேஜ்களை நீக்கி, டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க் ஓட்டுங்கள். ஓப்பன்சூசேயில் பேக்மேனை நீக்கியபின் ஸிப்பர் டப் கட்டளையை அலவ்-வெண்டர்-சேஞ்ச் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். உபுண்டுவில் பிபிஏ-பர்ஜ் என்ற கருவி, பிபிஏவை நீக்குவதோடு அதிலிருந்து வந்த பேக்கேஜ்களையும் உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கிவிடும். முடித்தபின் ஆப்ட் பாலிசி என்ற கட்டளையோடு எஃப்எஃப்எம்பெக் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பதிப்புகளின் பட்டியலில் உபுண்டுவின் முகவரி மட்டுமே தெரிய வேண்டும்.